கேட்டு மேட்டில் காய்ந்த கொள்ளு

என் தங்கை கலையரசி தோற்றுப்போயிருக்க வேண்டிய இடங்களில் ஜெயித்து வாங்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து வயதில், பயிரில் வாய் வைத்ததென்று பட்டியில் அடைத்துவிட்ட எங்கள் ஆட்டைத் தனியாகப் போய் நின்று மீட்டு வந்தாள். ஆடுகளை விற்றுத்தான் கல்யாணம் என்று எல்லோரும் சொன்னபோது, விற்காமலே கல்யாணம் செய்துகொண்டாள். ஆண்களே உட்கார முடியாமல் விட்டுப்போன செம்மண்மேட்டு ரயில்வே கேட்டில் வேலை வாங்கினாள். அந்தக் கேட்டு அறைக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் வாங்கினாள். அதற்கு முன் இருந்தவர்கள் சாக்குத்துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். கடைசியாக, எங்கள் அத்தை இருசம்மாளை ஒரு முழுப் பகல் பேசாமல் இருக்க வைத்தாள். எங்கள் தெருவில் இந்தக் கடைசி ஒன்றைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள்.

நான் அவளுக்கு மூத்தவள், செங்கமலம். எட்டாவது வரை படித்துவிட்டுத் துணி தைக்கிறேன். இதில் நான் கண்ணால் பார்த்தது எது, கேட்டுத் தெரிந்துகொண்டது எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுவேன்.

அரியலூரில் மெயின் லைனிலிருந்து பிரியும் ஒரு பழைய தடம் எங்கள் ஊர் வழியாக ஒரு சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அதில் நாள்தோறும் கூட்ஸ் வண்டி ஓடியது. பிறகு ஆலைக்காரர்கள் லாரிக்கு மாறினார்கள். இப்போது நிலக்கரி தேவைப்படும்போது மட்டும் மாதத்தில் ஒன்றோ இரண்டோ வண்டி வரும். சில மாதங்களில் அதுவும் இல்லை. தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகளுக்கு நடுவில் நெருஞ்சியும் துத்தியும் முளைத்துக் கிடக்கும். ஊரிலிருந்து கீழப்பழுவூர் ரோட்டுக்குப் போகும் தார்ச் சாலை ஓரிடத்தில் மேடேறி அந்தத் தடத்தைக் கடந்து மறுபக்கம் இறங்கும். அந்த இடத்தைத்தான் கேட்டு மேடு என்கிறோம்.

எங்களுக்கு நிலம் கிடையாது. அம்மா களை எடுக்கப் போவாள். அப்பா கிணறு வெட்டும் வேலையில் இடுப்பு ஒடிந்து படுத்த வருஷம், ஆடுகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. கலையரசிக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் சேரும் வயது. அவள் ஆடுகளோடு போனாள். கேட்டு மேட்டைச் சுற்றி யாருக்கும் சொந்தமில்லாத புல் இருந்ததால் அங்கேயேதான் மேய்ச்சல். வெயிலில் சூடேறிய தண்டவாளத்தில் குளிர்காலத்தில் ஆடுகள் முதுகைச் சாய்த்துப் படுத்திருக்கும். வண்டியின் சத்தம் மனிதக் காதுக்கு எட்டுமுன் அவை எழுந்து விலகிவிடும். ஆடு எழுந்தால் இவளும் எழுந்து நிற்பாள். கடைசிப் பெட்டி போகும்வரை அசையமாட்டாள்.

பெட்டிகளின் பக்கவாட்டில் வெள்ளையாக எழுதியிருக்கும் எண்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சாயங்காலம் வந்து மண்ணில் குச்சியால் அதேபோல் கீறி, "அக்கா, இது என்னா?" என்பாள். "எட்டு" என்பேன். "எட்டுல வவுறு ரெண்டு இருக்குதே" என்பாள். எண்கள் எல்லாம் அப்படித்தான் அவளுக்கு வந்தன. எழுத்து வரவில்லை. கூட்ஸ் வண்டியில் தமிழ் எழுத்து இல்லை.

அத்தை இருசம்மாள் எங்கள் அப்பாவின் தங்கை. பெரம்பலூர் மாவட்டத்தில் பூலாம்பாடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். மாமா இறந்த பிறகு மகன் மணிவண்ணனோடு எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். மணிவண்ணனுக்குத்தான் கலையரசியைக் கொடுத்தோம். அவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. ஆகவே வீட்டில் மாமியாரும் மருமகளும்தான் எதிரெதிரே. அத்தைக்கு வாய் பெரிது, மனசு கெட்டதில்லை. மருமகளை "கேட்டுக்காரி" என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வார். அவள் எதிரில் அதையே ஏசலாகச் சொல்வார்.

அந்த வேலை கிடைத்தது இப்படி. அந்தக் கேட்டுக்கு ஆலைதான் காண்ட்ராக்டில் ஆள் வைக்கிறது. கேட்டில் இருந்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக விட்டுப் போனார்கள். வண்டி வராத தடத்தில் நாள் முழுக்க உட்கார அவர்களால் முடியவில்லை. காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் குருமூர்த்தி ஊரில் வந்து ஆள் கேட்டபோது, "நான் சும்மாவே அங்கதான் இருக்கேன் சார்" என்று கலையரசி சொன்னாளாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குருமூர்த்தி சிரிக்கவில்லை. வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, இரண்டு நிபந்தனை வைத்தார்.

"மூணு மாசம் பாப்பேன். அதுக்குள்ள ஒரு புகார் வந்தாலும் அன்னிக்கே வூட்டுக்குப் போயிடணும். இன்னொண்ணு, கேட்டுல இருக்கிறவங்க கைநாட்டு வைக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. மூணு மாசத்துல கையெழுத்துப் போடக் கத்துக்க."

அவள் ஆதார் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள். அதில் தமிழில் அச்சடித்திருந்த தன் பெயரைப் பார்த்துப் பார்த்து, கேட்டு அறைச் சுவரில் கரித்துண்டால் எழுதுவாள். நான் எழுதிக் காட்டுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். இரண்டாவது எழுத்தான 'லை' மட்டும் அவளுக்குக் கவிழ்ந்துகொண்டே இருந்தது. கேட்டு நோட்டில் தினமும் கட்டைவிரலைத்தான் வைத்தாள். "எழுத்து நேரா நிக்கட்டும், அப்புறம் போடுறேன்" என்பாள். இரண்டு மாதம் போயிருந்தது. ஒரு புகாரும் இல்லை. இன்னும் ஒரு மாதம் தாண்டினால் வேலை நிரந்தரம். எங்கள் வீட்டில் மாதம் தவறாமல் வருகிற வேலை யாருக்கும் அதுவரை இருந்ததில்லை.

இனிக் கொள்ளு. பெரம்பலூர்ப் பக்கத்தில் கொள்ளு, எள், உளுந்து எதுவானாலும் செடியோடு பிடுங்கித் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகளின் டயரே மிதித்து உதிர்த்துவிடும். எங்கள் பக்கமும் அது உண்டு. ஆனால் அத்தை அதில் ஒரு படி மேலே போனவர். கேட்டு மேட்டைப் பார்த்த முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டார்.

"மேடு ஏறும்போது வண்டிக்காரன் கியரை மாத்துவான், எறங்கும்போது பிரேக்கை அமுக்குவான். டயரு தேச்சு எடுத்துடும் பாரு. வேற எடத்துல ரெண்டு நாள் காயிறது இங்க அரை நாள்ல உதுந்துடும்."

அதில் உண்மை இருந்தது. ஊரில் எல்லோரும் அத்தையைப் பார்த்துக் கேட்டு மேட்டிலேயே போட ஆரம்பித்தார்கள். வண்டி வராத தடம்தானே என்று தண்டவாளத்தின் மேலும் போட்டார்கள்.

அதில் இருந்த ஆபத்தை வேலைக்குச் சேர்ந்த அன்றே குருமூர்த்தி அவளுக்குக் காட்டியிருக்கிறார். சாலை கடக்கும் இடத்தில் தண்டவாளத்தின் உள்பக்கமாக நாலு விரல் அகலத்தில் ஒரு பள்ளம் ஓடும். ரயில் சக்கரத்தின் விளிம்பு அந்தப் பள்ளத்தில் இறங்கித்தான் உருள வேண்டும். மண்ணோ கல்லோ அதில் இறுகிவிட்டால் விளிம்பு மேலே ஏறிவிடும். ஏறிய சக்கரம் தண்டவாளத்துக்குத் திரும்பாது. ஆகவே தினமும் காலையில் ஒரு கம்பியால் அந்தப் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வது அவள் வேலையில் முக்கியமானது. கொள்ளுக் காய் சுளுவாக அதில் விழும். அதன்மேல் ஜல்லித் தூள் விழும். அதன்மேல் லாரி ஏறும்.

தை மாதம் அத்தை வாரத்துக்கு நிலம் பிடித்துப் பயிரிட்ட கொள்ளு அறுப்புக்கு வந்தது. மேடு தொடங்கும் இடத்தில் ரோட்டோரம் ஒரு வெள்ளைக் கம்பம் உண்டு; அதைக் காட்டிக் கலையரசி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "அத்தே, வெள்ளைக் கம்பத்துக்கு அந்தாண்ட எம்புட்டு வேணாலும் போட்டுக்கங்க. இந்தாண்ட ஒரு செடி வரக் கூடாது."

"வராதுடி. ஒன் தண்டவாளத்தைக் கட்டிக்கிட்டு நீயே படுத்துக்க" என்று அத்தை ஒத்துக்கொண்டார். இந்தப் பேச்சு நடந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

அது பிப்ரவரி ஏழாம் தேதி, புதன்கிழமை. காலையில் அவள் பள்ளத்தைச் சுரண்டிவிட்டு, வழக்கம்போல் தடத்தைப் பார்த்துக்கொண்டே மதகு வரை நடந்து போயிருக்கிறாள். அந்தப் பக்கம் தடம் சீமைக்கருவேலங்காட்டுக்குள் வளைந்து போவதால், மதகிலிருந்து கேட்டு தெரியாது. அங்கே இருக்கும்போது அவளுடைய செல்போனுக்கு, வண்டியை அனுப்பும் அரியலூர் யார்டிலிருந்து அழைப்பு வந்தது. இதை அவள்தான் பிறகு சொன்னாள்.

"செம்மண்மேடா? நிலக்கரி வண்டி புறப்படப் போவுது. கேட்டு எப்படிம்மா இருக்கு?"

"சுத்தமா இருக்கு சார். போய் மூடிடுறேன்."

அவள் சுத்தம் செய்துவிட்டு வந்திருந்தாள். அத்தையும் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் பாராமலே சொல்லிவிட்டாள். பொங்கலுக்கு முன்பு ஒரு வண்டி போனது. அதன்பிறகு இதுதான் முதல் வண்டி.

நான் அவளுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கேட்டு மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவளும் மறுபக்கத்திலிருந்து தடத்தோடு வேகமாக வந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். வெள்ளைக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செடி இல்லை. மொத்தக் கொள்ளும் மேட்டின் உச்சியில், தண்டவாளம் கண்ணுக்கே தெரியாமல், முழங்கால் உயரத்துக்குப் பரந்து கிடந்தது. ஒரு ஜல்லி லாரி அப்போதுதான் அதன்மேல் ஏறி இறங்கிப் போனது. அத்தை கவைக்கம்பால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு உண்ணாமலை ஓரமாக உட்கார்ந்து முறத்தால் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே! என்னா வேலை இது! வண்டி வருது, எடுங்க, எல்லாத்தையும் எடுங்க!"

"வந்துட்டாடி கேட்டுக்காரி" என்றார் அத்தை, புரட்டுவதை நிறுத்தாமல். "அந்தாண்ட போட்டா மசமசன்னு கெடக்குது. இன்னும் நாலு லாரி போனா முடிஞ்சுடும், எடுத்துடுறேன்."

"நிலக்கரி வண்டிங்கத்தே! போன் வந்துடுச்சு!"

"நேத்து வரைக்கும் வராத வண்டி நான் கொள்ளு போட்ட அன்னிக்குத்தான் வருதா? எங்க பெரம்பலூர்ப் பக்கம் ரயிலே கெடையாது. நாங்க என்னா செத்தா போயிட்டோம்?"

உண்ணாமலை வாயைப் பொத்திச் சிரித்தாள். "அவ பச்சைக்கொடி காட்டி நாளாச்சுல்ல, கை அரிக்குது போல" என்றாள்.

 கலையரசி செடிக் குவியலைக் காலால் ஒதுக்கிவிட்டுக் குனிந்தாள். பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. கொள்ளுக் காயும் அதன் தோல் பொட்டும் ஜல்லித் தூளும் சேர்ந்து டயர் அழுத்தி அழுத்தி, தண்டவாளத்தின் தலைக்குச் சமமாக இறுகியிருந்தன. கம்பியை எடுத்துக் குத்தினாள். நுனி வழுக்கியது. அவள் முகம் அப்போது மாறியதை நான் பார்த்தேன்.

போனை எடுத்து யார்டுக்குப் போட்டாள். "சார், வண்டியை வுடாதீங்க, கேட்டு அடைச்சுக் கெடக்கு."

மறுபக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "சுத்தமா இருக்குன்னு நீதானம்மா சொன்னே! வண்டி வெளிய போயாச்சு. டிரைவரை வாக்கி டாக்கியில கூப்புடுறேன், இரு." சிறிது நேரம் இரைச்சல். பிறகு, "எடுக்க மாட்டேங்குறாரும்மா. வளைவுக்குள்ள போயிட்டா எட்டாது. நீ ஏதாவது பண்ணு."

அந்த நேரம்தான் ஹார்ன் கேட்டது. தூரத்தில், கருவேலங்காட்டுக்கு அப்பால், இழுத்தாற்போல் ஒரு சத்தம். அத்தையின் கவைக்கம்பு நின்றது. உண்ணாமலை முறத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"அடியாத்தி, நெசமாவே வருதே!"

அதன்பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினோம். உண்ணாமலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செடியை அள்ளி அள்ளி ரோட்டோரத்தில் எறிந்தாள். அத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து இழுத்தார். செடி வந்தது. இறுகியது வரவில்லை. ரோட்டின் அந்தப் பக்கமிருந்து ஒரு மினி லாரி வந்து ஹார்ன் அடித்தது. கலையரசி ஓடிப்போய் இரண்டு பக்கத்துக் குறுக்குக் கம்பத்தையும் இறக்கிப் பூட்டினாள். லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "என்னாம்மா, கண்காட்சியா?" என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் அறைக்குள் போய் சிவப்புக்கொடியும் ஒரு தகரப் பெட்டியும் எடுத்து வந்தாள். பெட்டிக்குள் வட்டமான பட்டாசுகள் இருந்தன. அவற்றைத் தண்டவாளத்தின் தலையில் வைத்து, இருபுறமும் உள்ள தகரக் காதுகளை மடக்கிப் பொருத்திவிட்டால், சக்கரம் ஏறும்போது வெடிக்கும். வெடிச் சத்தம் கேட்டால் டிரைவர் எந்த யோசனையும் இல்லாமல் பிரேக்கைப் போட வேண்டும், அது விதி. அந்தப் பெட்டியை அவள் அதுவரை துடைத்து வைத்ததோடு சரி.

அத்தை வழியில் வந்து நின்றார். இப்போது குரல் இறங்கியிருந்தது. "வண்டியை நிறுத்துனா வேலை போயிடும்னு சொன்னாங்களேடி. நீ நிறுத்தாத. நாங்க குத்திக் குத்தி எடுத்துடுறோம்."

"வராதுங்கத்தே. இரும்பா எறுகிக் கெடக்கு."

"மெதுவாத்தானே வருவான், ஏறி எறங்கிப் போயிட மாட்டானா?"

"ஏறினா எறங்காதுங்கத்தே. எஞ்சின் நம்ம மேலதான் சாயும். தள்ளுங்க."

"மூணு மாசம் முடியப் போவுதேடி, அரசி..."

"தள்ளுங்கத்தே!"

மாமியாரை அவள் தோளில் கை வைத்துத் தள்ளியதை நான் அன்றுதான் பார்த்தேன். என்னைப் பார்த்து, "அக்கா, கம்பியை எடுத்துக் குத்து, நிறுத்தாத" என்று கத்திவிட்டு, கட்டைகளின் மேல் கால் வைத்து வளைவை நோக்கி ஓடினாள். ஒரு செருப்பு கழன்று தடத்திலேயே கிடந்தது.

நான் குத்தினேன். கையில் கொப்புளம் வந்தது. ஒவ்வொரு குத்துக்கும் விரல் நுனி அளவு கூடப் பெயரவில்லை. அத்தை என் பக்கத்தில் மண்டியிட்டு விரலால் கிளறினார். நகம் பிய்ந்து ரத்தம் வந்தும் எடுக்கவில்லை. தண்டவாளத்தில் வைத்திருந்த என் முழங்கால் மெல்ல அதிர ஆரம்பித்தது. மேட்டுக்குக் கீழே மேய்ந்துகொண்டிருந்த எங்கள் ஆடுகள் தலையைத் தூக்கின.

வளைவில் அவள் போய் மறைந்துவிட்டாள். பிறகு எதுவும் தெரியவில்லை. எஞ்சின் இரைச்சல் மட்டும் காட்டுக்குள் பெரிதாகிக்கொண்டே வந்தது. உண்ணாமலை, "அக்கா, எந்திரி, வந்துடு, எந்திரி" என்று என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். நான் எழுந்தேன். அத்தை எழவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அவரைத் தூக்கி ஓரத்துக்கு இழுத்தோம்.

அப்போது பட்டாசு வெடித்தது. ஒன்று. உடனே இன்னொன்று. காட்டிலிருந்து கொக்குகள் கலைந்து எழுந்தன. இரும்பில் இரும்பு உரசும் நீண்ட சத்தம் வந்தது. வளைவிலிருந்து எஞ்சின் மூக்கை நீட்டியது. நிற்கவில்லை. வந்துகொண்டேதான் இருந்தது. பின்னால் நிலக்கரி நிறைந்த பெட்டிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளும் ஓசை கடைசி வரை போய்த் திரும்பி வந்தது. கலையரசியைக் காணவில்லை. நான் அந்த எஞ்சினைப் பார்க்கவில்லை. அதன் இரண்டு பக்கத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இடது பக்கத்தில், புதருக்கு நடுவில், எஞ்சினோடு சேர்ந்து ஓடிவரும் சிவப்பு தெரிந்தது. கொடியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

எஞ்சின் ரோட்டுக்கு ஒரு லாரி நீளம் முன்னால் நின்றது. சூடான எண்ணெய் வாடை எங்கள் முகத்தில் அடித்தது.

டிரைவர் இறங்கினார். வயதானவர், கண்ணாடி போட்டவர். கத்துவார் என்று நினைத்தேன். அவர் நேராக வந்து குனிந்து, பள்ளத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். விரல் இறங்கவில்லை. நிமிர்ந்து, ஓரத்தில் சிதறிக் கிடந்த கொள்ளுச் செடியையும், சேலை முழுக்கக் கொள்ளுத் தோல் ஒட்டிய அத்தையையும் பார்த்தார்.

"கேட்டுல யாரு?"

"நான்தான் சார்" என்றாள் கலையரசி. மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

"கேட்டு சுத்தம்னு சொன்னதா யார்டுல சொல்லித்தான் வுட்டாங்க."

"நான்தான் சார் சொன்னேன்."

அவர் உதவி டிரைவரிடம் கடப்பாரை எடுத்து வரச் சொன்னார். அவர்கள் இருவரும், மினி லாரிக்காரரும், நாங்களும் சேர்ந்து பெயர்த்தோம். கட்டி கட்டியாக வந்தது. ஒவ்வொரு கட்டியிலும் கொள்ளுக் காய் பதிந்திருந்தது.  முடிந்ததும் டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டி நின்னதை நான் எழுதித்தாம்மா ஆகணும். மறைக்க முடியாது. நீ நிறுத்துனதையும் எழுதுறேன்."

வண்டி நடை வேகத்தில் நகர்ந்தது. கலையரசி பச்சைக்கொடியை நீட்டிப் பிடித்தபடி ஒவ்வொரு சக்கரமும் பள்ளத்தில் இறங்கி உருள்வதையே பார்த்தாள். சிறுவயதில் பெட்டியின் எண்களைப் பார்ப்பாள்; அன்று எண் பக்கம் கண் போகவில்லை. அத்தையும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிப் பெட்டி போன பிறகும் அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மறுநாள் பகல் முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை. நான் ஆரம்பத்தில் சொன்ன பகல் அதுதான். கொள்ளுச் செடியை அள்ளி வரக்கூடப் போகவில்லை. எங்கள் ஆடுகள் தின்றன.

அன்றிரவே குருமூர்த்தி போனில் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை ஆலையிலிருந்து அதிகாரி வந்து விசாரிப்பார், அதுவரை இருக்கலாம், அதன்பிறகு என்ன ஆகும் என்று அவர் சொல்வதற்கில்லை.

வியாழக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அத்தை முதல்முதலாக வாயைத் திறந்தார். அப்போது நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

"ஆடு தடத்துல ஏறிடுச்சுன்னு சொல்லிடுடி. கொள்ளு கதையை எடுக்காத. போலீஸு கேசுன்னு என்னை இழுத்துட்டுப் போனா, மணிவண்ணன் தலை நிமிந்து லாரி ஓட்டுவானா?"

"டிரைவர் கண்ணால பாத்தாருங்கத்தே."

"அவரு எழுதினா எழுதட்டும். நீ சொல்லாத. மருமவ காட்டிக் குடுத்தான்னு என் காதுல வுழக் கூடாது."

"அப்போ நான் என்னாத்தத்தே சொல்றது?"

  ஆடு என்று சொன்னால் அது அவளுடைய ஆடு, அவள் கவனக்குறைவு, வேலை போய்விடும். கொள்ளு என்று சொன்னால் மாமியார் மேல் வழக்கு வரலாம். அவள் எழுந்து வெளியே போய், மண் சுவரில் கரியால் தன் பெயரை எழுத ஆரம்பித்தாள். இருட்டும்வரை எழுதினாள்.

வெள்ளிக்கிழமை தை அமாவாசை. காலையில் அத்தை விளக்கேற்றிவிட்டு எங்கோ போனார். கேட்டு அறையில் நாங்கள் காத்திருந்தோம். ஆலையிலிருந்து வந்த அதிகாரி ஒரு பெண், ஜெயசுதா என்று பெயர். உள்ளே வந்ததும் கதவின் தாழ்ப்பாளை அசைத்துப் பார்த்தார். சுவர் முழுக்கக் கரியில் இருந்த பெயரைப் படித்தார். பிறகு உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லச் சொன்னார். குருமூர்த்தி எழுதத் தயாராக இருந்தார்.

கலையரசி நின்றபடியே சொன்னாள். போன் வந்தது, மதகில் இருந்தது, பாராமல் சுத்தம் என்று சொன்னது, ஓடியது, பட்டாசு வைத்தது.

"பாக்காம ஏன் சொன்னீங்க?"

"காலையில சுரண்டிட்டுத்தான் போனேன் மேடம். அப்படியே இருக்கும்னு நெனச்சுட்டேன். தப்புதான்."

"பள்ளத்தை அடைச்சது என்னது?"

"கொள்ளு."

"யாரோட கொள்ளு?"

அவள் வாயைத் திறந்தாள்.  என்னைப் பார்த்தாள். குருமூர்த்தியின் பேனா காகிதத்தின் மேல் நின்றது.

"என்னோட கொள்ளுதாங்க" என்று வாசலில் இருந்து குரல் வந்தது.

அத்தை நின்றிருந்தார். நெற்றியில் விபூதி, விரல்களில் துணி சுற்றியிருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ தெரியவில்லை.

"எழுதிக்கங்க சார். இருசம்மாள். இவ வேணாம்னு சொன்னா, நான்தான் கேக்கல. கேசு போடுறதா இருந்தா எம்மேல போடுங்க. இவ மேல என்னா இருக்கு? இவ என்னைத் தள்ளிட்டு ஓடி நிறுத்தலன்னா அந்த எஞ்சினுக்குக் கீழதான் நான் கெடந்திருப்பேன்."

ஜெயசுதா அவரை உட்காரச் சொன்னார். அத்தை உட்காரவில்லை.  பிறகு ஜெயசுதா சொல்லச் சொல்லக் குருமூர்த்தி எழுதினார். அத்தைக்கு இது எச்சரிக்கை. மறுபடி தண்டவாளத்தில் எதைப் போட்டாலும் ரயில்வே போலீசில் புகார். கலையரசி பாராமல் சொன்னது தவறு. வண்டியை நிறுத்தியது சரி. முன்னதற்காக, முடிந்த இரண்டு மாதமும் கணக்கில் வராது.

"இன்னிக்குலேருந்து மறுபடியும் மூணு மாசம்" என்றார். "முதல்லேருந்து."

"வேலை இருக்குங்களா மேடம்?" என்றாள் கலையரசி. சரியாகக் கேட்டதா என்று அவளுக்கே சந்தேகம்.

"அதைத்தானே சொல்றேன்."

குருமூர்த்தி எழுதியதை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். மை அட்டையைத் திறந்து முதலில் அத்தையிடம் நீட்டினார். அத்தை துணி சுற்றாத கட்டைவிரலை அழுத்தி ஒற்றினார். விரலைத் தலையில் துடைத்துக்கொண்டு, "நம்ம வூட்டுக் கையி எல்லாம் இப்படித்தான் சார், மைதான்" என்றார். இரண்டு நாளில் அது அவருடைய முதல் வேடிக்கை. மை அட்டை கலையரசியின் பக்கம் நகர்ந்தது.

அவள் அதைத் திருப்பித் தள்ளினாள். "பேனா குடுங்க சார்."

குருமூர்த்தி கொடுத்தார். அவள் மேசையில் குனிந்தாள். 'க' போட்டாள். 'லை' வரும்போது கை நின்றது. அத்தை எட்டிப் பார்த்தார். எழுத்து கொஞ்சம் சாய்ந்தது, கவிழவில்லை. ய, ர, சி. ஐந்தும் ஒரே கோட்டில் நின்றன. கீழே தேதியையும் அவளையே போடச் சொன்னார்கள். எண்கள் அவளுக்குக் கூட்ஸ் பெட்டியிலிருந்தே பழக்கம். பேனாவை எடுக்காமல் எழுதினாள்: 9.2.2024.